போர் முடிந்த நாட்டுக்கு வெளியார் உதவி: முதல் தேர்தலோடு நின்றால் போதுமா?

செவ்வாய்ப்பேட்டை_வாத்தியார் | சனி, இரவு 8:10

நம் சேலம் மாவட்டத்தில் தாரமங்கலம் பக்கம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருப்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரோடு பேசினால், ஊருக்குத் திரும்புவதா வேண்டாமா என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். சண்டை 2009 மே மாதமே முடிந்துவிட்டதால் குண்டு விழுமா என்று யாரும் இப்போது கேட்பதில்லை. காணியில் வேறு யாராவது இருந்தால் எந்த அலுவலகத்தில் போய் நிற்பது, தமிழில் எழுதிக் கொடுத்தால் வாங்குவார்களா, வாங்கினால் பதில் வருமா, இதைத்தான் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மற்ற நாடுகளைப் பற்றிப் படித்துவந்தேன். ஐநாவும் பணக்கார நாடுகளும் போர் முடிந்த ஒரு நாட்டில் ஜனநாயகத்தை வளர்க்க வருகிறோம் என்று இறங்கும்போது, காசும் ஆளும் கவனமும் பெரும்பாலும் முதல் தேர்தலுக்கே போய்விடுகிறது. தேர்தல் முடிந்த மறுநாள் ஒரு சாதாரண ஆள் போய் நிற்கவேண்டிய இடங்களுக்கு, அதாவது கோர்ட், போலீஸ் ஸ்டேஷன், உள்ளூர் சபை, காணி அலுவலகம் இவற்றுக்கு, மிச்சம் மீதிதான். என் கருத்து இதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்போடியாவைப் பாருங்கள். 1991 பாரிஸ் சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு ஐநா அங்கே போனது. ராணுவம், போலீஸ், அலுவலர்கள் என்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், சுமார் 160 கோடி டாலர் செலவு. கெமர் ரூஜ் என்ற ஆயுதக் குழு மிரட்டியும் 1993 மே மாதத் தேர்தலில் பதிவு செய்த வாக்காளர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வந்து வாக்களித்தார்கள். அந்த மக்கள் எவ்வளவு நம்பிக்கையோடு வரிசையில் நின்றிருப்பார்கள்! மொத்தம் 120 இடங்களில் இளவரசர் ரணரித்தின் ஃபுன்சின்பெக் 58, ஹுன் சென்னின் மக்கள் கட்சி 51. ஆனால் மாகாண நிர்வாகம், போலீஸ், படையின் பெரும்பகுதி, நீதிபதிகள் எல்லாம் இரண்டாவதாக வந்த கட்சியின் ஆட்கள். கிழக்கு மாகாணங்களைப் பிரித்துக்கொண்டு போய்விடுவோம் என்று மிரட்டல் வந்தது. கடைசியில் முதல் பிரதமர், இரண்டாம் பிரதமர் என்று இருவரை உட்காரவைத்துவிட்டு, அந்த செப்டம்பரில் அரசியல் சட்டம் நிறைவேறியதும் ஐநா கிளம்பிவிட்டது. 1997 ஜூலையில் இரண்டாம் பிரதமரான ஹுன் சென்னின் படைகள் முதல் பிரதமரை வெளியேற்றின. 2017ல் முக்கிய எதிர்க்கட்சியை உச்ச நீதிமன்றமே கலைத்தது.

வாக்குச்சாவடியில் மக்கள் சொன்னதை நிறைவேற்றும் அலுவலகம் ஒன்றுகூட அவர்கள் பக்கம் இல்லை. வெளியார் உதவி எங்கே போயிருக்கவேண்டும்? இலங்கைக்கு இதில் என்ன பாடம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஐந்துரோடு_மாணவன் | சனி, இரவு 8:52

சார், உங்கள் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. வெளியார் எதற்கு வரவேண்டும்? 1951-52ல் நம் நாட்டில் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல், அதில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிரிவினைக் கலவரம் முடிந்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. எந்த வெளிநாடும் வந்து நடத்திக் கொடுக்கவில்லை. சுகுமார் சென் தலைமையில் நம் தேர்தல் ஆணையமே நடத்தியது. பெட்டியில் சின்னம் ஒட்டி, சின்னத்தைப் பார்த்து வாக்குப் போட வைத்தார்கள்.

அதே சுகுமார் சென் 1953ல் சூடான் போய் அந்த நாட்டின் முதல் தேர்தலை நடத்தினார். அப்போதே நாம் உதவி கொடுக்கும் பக்கம் இருந்திருக்கிறோம். சொந்தமாகக் கட்டிய அமைப்புதான் நிற்கும் என்பது என் எண்ணம். டாலரில் வருவது டாலரோடு போய்விடும்.

செவ்வாய்ப்பேட்டை_வாத்தியார் | சனி, இரவு 9:15

தம்பி, சூடானை நீங்களே எடுத்துக் கொடுத்ததால் அதையே கேட்கிறேன். சுகுமார் சென் தேர்தலைச் சுத்தமாக நடத்திக் கொடுத்தார். 1956ல் சூடான் விடுதலை பெற்றது. 1958 நவம்பரில் ஜெனரல் அப்பூத் ஆட்சியைப் பிடித்துவிட்டார். அப்படியானால் நம் நாடு கொடுத்த உதவியும் கம்போடியாவில் ஐநா கொடுத்த உதவியும் ஒரே இடத்தில்தான் முடிந்திருக்கின்றன. யார் கொடுத்தார்கள் என்பதைவிட எதற்குக் கொடுத்தார்கள் என்பது முக்கியம்.

இன்னொன்று. 1947ல் நம் கையில் ஒரு உயர் நீதிமன்றம், கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், கணக்குத் தணிக்கை எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. சேலம் மாவட்டம் 1792லிருந்தே கம்பெனியின் வருவாய் நிர்வாகத்தில் இருந்தது. அது மக்களுக்காக வந்த நிர்வாகம் இல்லை, சரி. ஆனால் அலுவலகம் இருந்தது, பதிவேடு இருந்தது, அதைப் பார்க்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். போர் தின்றுவிட்ட நாட்டில் அதுவே இருக்காது.

அஸ்தம்பட்டி_வக்கீல் | சனி, இரவு 10:05

வாத்தியார் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். நீதிமன்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

கிழக்குத் திமோர். 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவிடமிருந்து விடுதலை வேண்டும் என்றார்கள். உடனே ஆயுதக் குழுக்கள் ஊர்களை எரித்தன. அதுவரை நீதிபதிகளும் மேல்நிலை அலுவலர்களும் பெரும்பாலும் இந்தோனேசியர்கள். அவர்கள் போனதும் கோர்ட் கட்டடமும் இல்லை, நீதிபதியும் இல்லை. செர்ஜியோ வியெய்ரா டி மெல்லோ தலைமையில் ஐநாவே அந்த நாட்டின் அரசாக இருந்தது. உள்ளூரில் சட்டம் படித்தவர்களைத் தேடிப்பிடித்து நீதிபதியாக்கினார்கள். அவர்களில் யாருக்கும் அதற்கு முன் நீதிபதி வேலையில் அனுபவம் இல்லை.

இதற்கு மேல் மொழிச் சிக்கல். அவர்கள் சட்டம் படித்தது இந்தோனேசிய மொழியில். 2002ல் விடுதலையானபோது அரசியல் சட்டம் போர்த்துகீசியத்தையும் தேதுன் மொழியையும் ஆட்சிமொழி ஆக்கியது. சட்டங்கள் போர்த்துகீசியத்தில் வந்தன. 2005 தொடக்கத்தில் தகுதித் தேர்வு வைத்தபோது உள்ளூர் நீதிபதிகளில் ஒருவர்கூடத் தேறவில்லை. அவர்களைத் திரும்பப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, போர்த்துகீசியம் பேசும் நாடுகளிலிருந்து நீதிபதிகளைக் கொண்டுவந்து கோர்ட் நடத்தினார்கள். தன் வழக்கு என்ன ஆயிற்று என்று ஒரு விவசாயி எந்த மொழியில் கேட்பார்? நம் சார்பு நீதிமன்றத்திலேயே தீர்ப்பு நகல் ஆங்கிலத்தில் வந்தால் கட்சிக்காரர் என் முகத்தைப் பார்க்கிறார்.

2006ல் படையிலிருந்து நீக்கப்பட்ட சுமார் 600 வீரர்கள் விவகாரத்தில் தலைநகர் டிலி பற்றி எரிந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். ஐநா அவசரமாகக் குறைத்துக்கொண்ட வேலையைத் திரும்பவும் பெரிதாக எடுக்கவேண்டி வந்தது. 2012 கடைசி வரை இருந்தார்கள். அந்த இரண்டாவது முறைதான் உருப்படியாக இருந்தது. அதற்குள் தேர்தல் செயலகம், தேர்தல் ஆணையம் இரண்டும் திமோர் ஆட்களாலேயே ஓடத் தொடங்கின. எண்ணெய்ப் பணத்துக்கு 2005லேயே நார்வே மாதிரியில் ஒரு நிதியம் வைத்தது அவர்கள் எடுத்த நல்ல முடிவு. இன்று அங்கே ஆட்சி தேர்தலில் மாறுகிறது, தோற்றவர்கள் இறங்குகிறார்கள். 2025 அக்டோபரில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் 11வது உறுப்பினராகவும் சேர்ந்துவிட்டார்கள்.

நம்பிக்கை தரும் இன்னொரு வழக்கு லைபீரியா. 2003ல் உள்நாட்டுப் போர் முடிந்தது. உதவி கொடுத்தவர்கள் அங்கே ஒரு கடுமையான ஏற்பாடு செய்தார்கள்: துறைமுகம், விமான நிலையம் மாதிரி வருமானம் வரும் அரசு நிறுவனங்களில் வெளிநாட்டுக் கணக்கர் ஒருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே போகும். நாட்டின் கௌரவத்துக்கு இழுக்கு என்று பலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அதற்கு முந்தைய அரசுகள் பணத்தை என்ன செய்தன என்று பார்த்த மக்களில் பலர் அதை வரவேற்றார்கள். ஏற்பாட்டுக்கு முடிவுத் தேதி இருந்தது. சில வருடங்களில் முடிந்தும் விட்டது.

2017 அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் முறைகேடு என்று ஒரு கட்சி வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் இரண்டாம் சுற்றையே நிறுத்திவைத்தது. யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. தேர்தல் ஆணையம் விசாரித்தது, மேல்முறையீட்டில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, டிசம்பர் 26ல் வாக்குப்பதிவு நடந்தது, ஜார்ஜ் வியா ஜெயித்தார். 2023ல் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றபோது அவரே முன்வந்து தோல்வியை ஒப்புக்கொண்டார். இருபது வருடம் முன்பு அந்த நாட்டில் சிறுவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஐந்துரோடு_மாணவன் | சனி, இரவு 10:31

லைபீரியாவில் நம் பங்கும் உண்டு. 2007ல் மத்திய ரிசர்வ் போலீஸிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அடங்கிய படைப்பிரிவு தலைநகர் மன்ரோவியா போனது. ஐநாவின் காவல் பணியில் முழுக்கப் பெண்களே இருந்த முதல் பிரிவு அதுதான். 2016 வரை மாறி மாறி ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து லைபீரியப் பெண்கள் போலீஸில் சேர முன்வந்தார்கள். இந்த மாதிரி உதவியை நான் எதிர்க்கவில்லை.

ஆனால் வக்கீல் சார், போஸ்னியாவையும் ஆப்கானிஸ்தானையும் விட்டுவிட்டீர்கள். போஸ்னியாவில் போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தத்துக்குப் பிறகு உயர் பிரதிநிதி என்று ஒரு வெளிநாட்டவர். 1997லிருந்து அவருக்குச் சட்டம் போடவும், மக்கள் தேர்ந்தெடுத்தவர்களைப் பதவியிலிருந்து நீக்கவும் அதிகாரம். 2004 ஜூனில் ஒரே நாளில் ஏறக்குறைய 60 பேரை நீக்கினார்கள். போஸ்னியாக், செர்பு, குரோட் மூன்று இனத்தாருக்கும் ஒவ்வொரு அதிபர். யூதரோ ரோமா இனத்தவரோ அந்தப் பதவிக்கு நிற்கவே முடியாது. அது தவறு என்று 2009ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வெளியார் எழுதிக் கொடுத்த அரசியல் சட்டம் அது.

ஆப்கானிஸ்தான் இன்னும் வேதனை. காபூலில் நாடாளுமன்றக் கட்டடத்தை நம் நாடுதான் கட்டிக் கொடுத்தது, 2015 டிசம்பர் 25ல் திறந்தார்கள். 2014 அதிபர் தேர்தலில் தகராறு வந்தபோது அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி பறந்து வந்து பஞ்சாயத்துப் பேசி, ஒருவருக்கு அதிபர் பதவி, இன்னொருவருக்குத் தலைமை நிர்வாகி பதவி என்று பிரித்துக் கொடுத்தார். வாக்குப் போட்ட மக்களுக்கு அதில் என்ன மரியாதை? 2021 ஆகஸ்ட் 15ல் தாலிபான் காபூலைப் பிடித்ததும் எல்லாம் முடிந்துவிட்டது.

மலைமேல்_காப்பி | ஞாயிறு, காலை 7:20

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு வேலை. எல்லாரும் தலைநகரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வார்டு மட்டத்தைப் பற்றி யாராவது பேசவேண்டும்.

நேபாளத்தில் 2006 நவம்பரில் மாவோயிஸ்டுகளோடு சமாதான ஒப்பந்தம் ஆனது. ஐநா வந்தது, ஆனால் அரசாங்கத்தைக் கையில் எடுக்கவில்லை. ஆயுதங்களைப் பெட்டியில் பூட்டிக் கண்காணிப்பது, போராளிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்வது, 2008 அரசியல் நிர்ணய சபைத் தேர்தலுக்குத் தொழில்நுட்ப உதவி, இவ்வளவுதான். 2011 ஜனவரியில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நேபாளத்தார் தங்களுக்குள் சண்டை போட்டு, முதல் சபை கலைந்து, 2013ல் இரண்டாவது சபை தேர்ந்தெடுத்து, 2015 செப்டம்பரில்தான் அரசியல் சட்டம் முடித்தார்கள். மெதுவாக நடந்தது. ஆனால் அவர்களே நடத்தினார்கள்.

எனக்கு முக்கியமாகப்படுவது 2017. அந்த வருடம் நேபாளத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு முந்தைய உள்ளாட்சித் தேர்தல் 1997ல். அதில் வந்தவர்களின் காலம் 2002ல் முடிந்த பிறகு பதினைந்து வருடம் ஒரு கிராமத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் இல்லை! 2017ல் 753 உள்ளாட்சிகள், ஒவ்வொரு வார்டிலும் இரண்டு பெண் உறுப்பினர், அதில் ஒருவர் தலித் பெண். 2025 செப்டம்பரில் இளைஞர் போராட்டத்தில் காத்மண்டு அரசு கவிழ்ந்து, முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமர் ஆனார். மேலே அவ்வளவு ஆட்டம் கண்டபோதும் வார்டில் தேர்ந்தெடுத்த ஆள் இருந்தார். பிறப்புச் சான்றிதழுக்கும் முதியோர் பணத்துக்கும் அவரிடம்தானே போகவேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. போரே நடக்காத நம் ஊரில் என்ன நடந்தது? 2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் ரத்தானது. கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரை தனி அலுவலர். சேலம் மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி வரை கவுன்சிலரே கிடையாது. 2025 ஜனவரியில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள். நாகலூரிலோ செம்மநத்தத்திலோ குடிநீர்க் குழாய் உடைந்தால் தலைவரைத் திண்ணையில் பிடிக்கலாம், தனி அலுவலரைப் பிடிக்க பஸ் ஏறவேண்டும். அந்த அலுவலர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் அடுத்த தேர்தலில் நம்மிடம் வந்து நிற்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

மாந்தை_மகள் | ஞாயிறு, காலை 11:48

வணக்கம். வாத்தியார் ஐயா சொன்ன முகாம்களில் ஒன்றில் இருந்து எழுதுகிறேன். பிறந்தது இங்கேதான். அப்பா அம்மா மன்னார் மாவட்டம் மாந்தைப் பக்கம்.

ஏற்காட்டு அண்ணா சொன்ன வார்டுக் கதைதான் எங்கள் கதையும். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் வந்தது இலங்கை அரசியல் சட்டத்தின் 13வது திருத்தமும் மாகாண சபையும். வெளிநாடு ஒன்றின் அழுத்தத்தால் வந்த அமைப்பு என்றால் எங்களுக்கு அதுதான். ஆனால் வடக்கு மாகாணத்துக்கு என்று தனியாக முதல் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பர் 21ல். போர் முடிந்து நான்கு வருடம் கழித்து, இந்தியாவும் மற்ற நாடுகளும் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு. 38 இடங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. எங்கள் முகாமில் அன்றைக்கு ஃபோனில் முடிவு கேட்டுக் கேட்டு எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

ஆனால் நிதியிலும் அரச ஊழியர் விஷயத்திலும் ஆளுநர் கை ஓங்கியிருக்கும்படிதான் சட்டம். அப்போது ஆளுநர் ஒரு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. காணி, போலீஸ் அதிகாரங்கள் சட்டத்தில் எழுதியிருந்தும் மாகாணத்துக்கு வரவே இல்லை. 2018 அக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. ஏன் என்று கேட்டால் இதுதான் பதில்: 2017ல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் போட்டார்கள், அதற்குத் தொகுதி எல்லை பிரித்து அறிக்கை வந்தது, 2018 ஆகஸ்டில் அந்த அறிக்கைக்கு நாடாளுமன்றத்தில் ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. பழைய முறையும் போய்விட்டது, புதிய முறையும் வரவில்லை. ஒன்பது மாகாணமும் ஆளுநர் கையில். சிங்களவர்களுக்கும் அதே நிலைதான், ஆனால் அவர்களுக்கு நாடாளுமன்றம் இருக்கிறது.

2015 அக்டோபரில் ஜெனீவாவில் ஐநா மனித உரிமைப் பேரவையின் 30/1 தீர்மானம் வந்தது. இலங்கை அரசே சேர்ந்து கொண்டுவந்தது. காணாமல் போனோர் அலுவலகம், இழப்பீட்டு அலுவலகம், உண்மை ஆணைக்குழு, வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கெடுக்கும் நீதிமுறை என்று நான்கு வாக்குறுதி. முதல் இரண்டும் சட்டமாகி அலுவலகமும் திறந்தார்கள். பின்னிரண்டு வரவில்லை. 2020 பிப்ரவரியில் புதிய அரசு தீர்மானத்திலிருந்து விலகிக்கொண்டது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் காணாமல் போனவர்களின் தாய்மார் உட்கார்ந்த போராட்டம் காணாமல் போனோர் அலுவலகம் திறந்த பிறகும் தொடர்ந்தது. எங்களைக் கேட்காமல் அமைத்தது, தண்டிக்கும் அதிகாரம் இல்லாதது என்று அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். அதில் பலர் மகனைத் தேடியபடியே இறந்துவிட்டார்கள்.

தேர்தல் மட்டும் போதாது என்று ஐயா எழுதியதைப் படித்தபோது அழுகை வந்தது. தேர்தலும் இல்லாமல், அலுவலகமும் இல்லாமல் இருப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அம்மாபேட்டை_தறி | ஞாயிறு, மதியம் 2:30

தங்கச்சி, மனசு கனத்துப்போச்சு. நான் ஜவுளிக்காரன், எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் ஜிஎஸ்பி பிளஸ் என்று ஒரு வரிச்சலுகை கொடுக்கிறது. 27 சர்வதேச ஒப்பந்தங்களை மதித்து நடக்கும் நாடுகளுக்கு மட்டும். இலங்கையின் ஆயத்த ஆடைத் தொழிலுக்கு அது பெரிய ஆதாயம். 2010 ஆகஸ்டில் மனித உரிமைக் காரணத்தால் அதை நிறுத்தினார்கள், 2017 மே மாதம் திரும்பக் கொடுத்தார்கள். 1979ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுப்பதும் பேச்சில் இருந்த வாக்குறுதிகளில் ஒன்று. எத்தனை அரசு மாறினாலும் அது வாக்குறுதியாகவே வந்துகொண்டிருந்தது.

சலுகையை நிறுத்தினால் கட்டுநாயக்காவில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைக்குத்தான் வேலை போகும். அதனால் முழுசா வெட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தேதி போட்டுக் கேட்கலாம். இந்தத் தேதிக்குள் மாகாண சபைத் தேர்தல், இந்தத் தேதிக்குள் சட்ட மாற்றம். ஏற்றுமதிக்காரன் ஒவ்வொருவனும் தேதிக்குக் கட்டுப்பட்டுத்தான் சரக்கு அனுப்புகிறான்.

நெறியாளர் | ஞாயிறு, மதியம் 3:05

நம் ஊர்க் கட்சிகளை இழுத்து எழுதிய இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டோம். முகாமில் இருப்பவர்களின் சொந்த விவரங்களைக் கேட்டு யாரும் தனிமடல் அனுப்பவேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை_வாத்தியார் | ஞாயிறு, மாலை 5:40

மகளே, நீங்கள் எழுதியதற்கு நன்றி. நான் தேர்தல் டியூட்டி பார்த்த ஆள் என்பதால் ஒன்று சொல்கிறேன். வாக்குப்பதிவு முடிந்ததும் எத்தனை வாக்குப் பதிவானது என்று 17சி படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு பூத் ஏஜெண்டுகளுக்குக் கொடுக்கவேண்டும். சோர்ந்துபோன நேரத்தில் அதைச் செய்யச் சலிப்பாக இருக்கும். ஆனால் எண்ணும் நாளில் தகராறு வந்தால் அந்தத் தாள்தான் பேசும். அதற்குப் பின்னால் ஒரு ஆணையம், அதற்குப் பின்னால் ஒரு கோர்ட். தாளைக் கொண்டுபோய் நிற்க இடம் இருப்பதால்தான் தாளுக்கு மதிப்பு.

இலங்கையில் அப்படி ஒரு இடம் உயிரோடு இருக்கிறது என்பதற்கும் சாட்சி உண்டு. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை, கஜானாவில் காசு இல்லை என்று நிறுத்திவைத்தார்கள். 2024 ஆகஸ்டில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், நிதி அமைச்சராகவும் இருந்த அதிபர் உட்படப் பலர் மக்களின் அடிப்படை உரிமையை மீறிவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 மே 6ல் தேர்தல் நடந்தது. தீர்ப்பு வந்தபோது அவர் பதவியில் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். வெளியார் உதவி போகவேண்டியது இந்த மாதிரி இடங்களுக்கு. வழக்குப் போட்ட உள்ளூர்க் குழுக்கள், தேர்தலைக் கண்காணித்த தொண்டர்கள், தமிழில் வழக்கு நடத்தத் தெரிந்த இளம் வக்கீல்கள். இவர்களுக்குத் தேவைப்படுவது பெரிய தொகை இல்லை, பல வருடம் தொடர்ந்து வரும் சிறிய தொகை. முதல் தேர்தலுக்குக் கொட்டுவதில் நூறில் ஒரு பங்கு இருபது வருடம் வந்தால் போதும்.

ஐந்துரோடு_மாணவன் | ஞாயிறு, மாலை 6:12

இதை ஏற்றுக்கொள்கிறேன் சார். உள்ளூர் ஆட்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பதற்குத் தோள் கொடுப்பது வேறு, வந்து ஆள்வது வேறு. ஆனால் எதற்குத் தோள் கொடுப்பது என்று யார் முடிவு செய்வது? தூதரகம் முடிவு செய்தால் மறுபடியும் போஸ்னியாதான். அந்த இடத்தில் நான் இன்னும் மாறவில்லை.

அஸ்தம்பட்டி_வக்கீல் | ஞாயிறு, இரவு 8:25

அதற்கு ஒரு உதாரணத்தோடு பதில் சொல்கிறேன், இது நம் முகாம்களையே தொடும். சட்டப்படி ஒருவர் காணியை இன்னொருவர் பத்து வருடம் தடையில்லாமல் அனுபவித்துவந்தால் உரிமை கோரலாம் என்பது இலங்கையில் பழைய ஏற்பாடு. போரால் ஓடிப்போனவர்கள் இதில் காணியை இழந்துவிடக்கூடாது என்று 2016ல் ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1983 மே முதல் 2009 மே வரை கோர்ட்டுக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. நல்ல சட்டம், உள்ளூரில் எழுந்த கோரிக்கை. ஆனால் அதன்படி வழக்குப் போட இரண்டே வருடம் அவகாசம்.

கடலுக்கு இந்தப் பக்கம் முகாமில் இருந்தவர் ஒருவர் அந்த இரண்டு வருடத்தில் பத்திரத்தைத் தேடி, வக்கீல் வைத்து, மன்னார் கோர்ட்டில் வழக்குப் போடுவது நடக்கிற காரியமா? சட்டம் நிறைவேறிய அன்றே தமிழ்நாட்டில் ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு சட்ட உதவியாளரை அனுப்பியிருக்கவேண்டும். ஐநாவோ நம் அரசோ செய்திருக்கலாம், செலவும் பெரிதில்லை. மாணவத் தம்பி, எதற்கு உதவுவது என்று முகாம் கூட்டத்தில் கேட்டிருந்தால் முதல் வரியாக இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மாந்தை_மகள் | ஞாயிறு, இரவு 9:02

அந்தச் சட்டத்தைப் பற்றி எங்கள் முகாமில் நாங்கள் கேள்விப்பட்டதே காலம் முடிந்த பிறகுதான் ஐயா. அப்பாவின் காணிக்கு அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம்தான், உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லை. அதுவும் மூலப் பத்திரம் 1990ல் படகில் வரும்போது நனைந்து பாதி அழிந்துவிட்டது.

ஆனால் ஒன்று நடந்தது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தார் பல வருடமாக முகாம் முகாமாக வந்து, இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வைத்தார்கள். எனக்கும் அப்படித்தான் சான்றிதழ் வந்தது. அந்த ஒரு தாள் இல்லை என்றால் அங்கே போனாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் வராது. அகதிகளே அகதிகளுக்காக நடத்தும் அமைப்பு அது. வெளிநாட்டு உதவி எதற்கு என்று ஐந்துரோடு அண்ணா கேட்டார். இந்த மாதிரி வேலை நிற்காமல் நடக்க என்று நான் சொல்வேன்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். இலங்கையில் தேர்தல் நடக்கும்போது வெளிநாட்டில் இருப்பவர்கள் வாக்களிக்க வழி செய்வோம் என்று பேசுகிறார்கள். அதில் முகாமில் இருக்கும் நாங்களும் சேர்த்தி என்று யாராவது எழுத்தில் கேட்டு வாங்கினால் நல்லது. இந்தியாவிலும் வாக்கு இல்லை, இலங்கையிலும் வாக்கு இல்லை என்று எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை இருக்கிறது.

அஸ்தம்பட்டி_வக்கீல் | ஞாயிறு, இரவு 9:20

அம்மா, அனுமதிப்பத்திரம் பாதி அழிந்திருந்தாலும் எண்ணும் தேதியும் தெரிந்தால் பிரதேச செயலகத்துப் பதிவேட்டில் தேட வழி இருக்கும். அப்பாவை அழைத்துக்கொண்டு வாங்க. பத்திரம், அங்கே எடுத்த அடையாள அட்டை, பிறப்புப் பதிவுகள், இந்தியாவுக்கு வந்த நாளின் முகாம் பதிவு எல்லாவற்றையும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்க. கட்டணம் எதுவும் வேண்டாம். மன்னாரில் வழக்கு நடத்தும் ஒரு நண்பருக்கு எழுதிக் கேட்கிறேன்.

மாந்தை_மகள் | ஞாயிறு, இரவு 9:31

நன்றி ஐயா. சனிக்கிழமை முகாமில் பதிவு இருக்கிறது, அது முடிந்து மதியத்துக்கு மேல் வருகிறோம். பக்கத்து வீட்டு அக்காவிடமும் முல்லைத்தீவுக் காணி உறுதி ஒன்று இருக்கிறது, அவரையும் கூட்டி வரலாமா?